ஸ்டெம் செல்லும் சிறுநீர்ப்பையும்: தண்டுவடக் காயத்துக்குப் பிறகு எதை எதிர்பார்க்கலாம்?

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கட்டடச் சாரத்திலிருந்து சரிந்தவர், பைக்கோடு பள்ளத்தில் போனவர் என்று தண்டுவடத்தில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எப்போ நடப்பாரு?" ஒரு வருஷம் கழித்து அதே ஆளிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். நடை பின்னுக்குப் போயிருக்கும். கல்யாண வீட்டில் வேட்டி நனைந்துவிடுமோ, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு வாடை அடிக்குமோ, ராத்திரி சிறுநீர் டியூப் அடைத்துக்கொண்டால் யாரை எழுப்புவது, மறுபடி குளிர்க்காய்ச்சல் வந்துவிடுமோ என்பதுதான் கவலையாக இருக்கும்.

கிம் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2004-ல் வெளியிட்ட கருத்தாய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. அவரும் தண்டுவடக் காயத்தோடு வாழ்பவர்தான். எந்தச் செயல்பாடு திரும்பினால் வாழ்க்கை அதிகம் மேம்படும் என்று 681 பேரிடம் கேட்டார். கைகளும் செயலிழந்தவர்கள் கைகளை முதலில் சொன்னார்கள். கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் பாலுறவுச் செயல்பாட்டை முதலில் சொன்னார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரு சாராருக்குமே முக்கியமாக இருந்தது.

ஸ்டெம் செல் பற்றிய செய்திகளோ பெரும்பாலும் "எழுந்து நின்றார்", "நடந்தார்" என்றே வருகின்றன. சிறுநீர்ப்பைக்கு அது என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் தேட, பையின் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரி, மதகு, நீர்பாய்ச்சி

ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாக நீர் வந்து சேர்கிறது. மதகு மூடியிருக்கிறது. நீர்பாய்ச்சி மதகடியில் நிற்கிறார், ஆனால் ஊர் சொல்லாமல் திறக்கமாட்டார். சிறுநீரகங்களிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்கள்தான் வரத்துக்கால். பையின் வாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசைதான் மதகு. நீர்பாய்ச்சி குடியிருப்பது தண்டுவடத்தின் அடி நுனியில், மருத்துவர்கள் எஸ்2, எஸ்3, எஸ்4 என்று எழுதும் பகுதியில். ஊர் என்பது மூளை. உத்தரவு புறப்படும் இடம் மூளைத்தண்டில் உள்ள 'பான்ஸ்' என்னும் பகுதி. இங்கிலாந்தின் பாரிங்டன் 1925-ல் பூனைகளை ஆராய்ந்து அந்த இடத்தைக் காட்டினார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

உவமை ஓரிடத்தில் மட்டும் உதவாது. ஏரிக்கரை தானாக நெருக்காது, சிறுநீர்ப்பையின் சுவர் நெருக்கும். ஆகவே பை நெருக்குகிற அதே நொடியில் மதகு திறந்தாக வேண்டும். இந்த ஒத்திசைவைக் கவனித்துக்கொள்வது பான்ஸ்தான். ஒருவருக்கு 400, 500 மில்லிலிட்டர் சேரும்வரை பை அழுத்தம் ஏறாமல் விரிந்துகொடுப்பதும், சரியான இடம் கிடைக்கும்வரை அடக்கிவைத்திருக்க முடிவதும் மேலிருந்து 'பொறு, பொறு' என்று வந்துகொண்டே இருக்கும் செய்திகளால்தான்.

அடி எங்கே பட்டது என்பதைப் பொறுத்துக் கதை இரண்டாகப் பிரிகிறது. தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. பெரியவர்களுக்கு முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு உயரத்திலேயே முடிந்துவிடும். அதனால் 'நடுமுதுகுக்குக் கீழேதான் எலும்பு உடைந்தது' என்று சொல்பவருக்கும் அந்த நுனி நசுங்கியிருக்கலாம். அப்போது நீர்பாய்ச்சியே இல்லை. பை தொளதொளவென்று கிடக்கும், நிரம்பி வழியும், நெருக்கவே நெருக்காது.

அடி அதற்கு மேலே, கழுத்திலோ நெஞ்சு உயரத்திலோ பட்டால் நிலைமை வேறு. நீர்பாய்ச்சி இருக்கிறார், ஊரோடு தொடர்பு அறுந்துவிட்டது. முதல் சில வாரங்கள் தண்டுவட அதிர்ச்சியில் எல்லாம் அடங்கிக் கிடக்கும். பிறகு கீழேயுள்ள நரம்புகள் தாமாக விழித்துக்கொள்ளும். சாதாரணமாக வாய்திறக்காத மெல்லிய உணர்வு நரம்பிழைகள், சி-இழைகள் என்பவை, கொஞ்சம் நீர் சேர்ந்தாலே 'நிரம்பிவிட்டது' என்று கூச்சலிடத் தொடங்கும். பை கண்டபடி நெருக்கும். கேடு என்னவென்றால், ஒத்திசைக்க மேலே ஆள் இல்லாததால் பை நெருக்கும்போதே மதகும் இறுக மூடிக்கொள்ளும்.

கரை நெருக்க, மதகு மூட, நீர் எங்கே போகும்? வரத்துக்கால் வழியாக மேலே ஏறும். சிறுநீரகம் வீங்கும், தொற்று சேரும், வருஷக்கணக்கில் கெட்டுக்கொண்டே போகும். வெளியே ஒரு வலியும் தெரியாது. தண்டுவடத்தின் நெஞ்சுப் பகுதியில் ஆறாவது கணு அல்லது அதற்கு மேல் காயமிருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: பை நிரம்பியதுமே ரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறி, தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்துக் கொட்டும். உடனே பையைக் காலி செய்தாக வேண்டிய அவசரநிலை அது.

மேல் காயத்தில் பையின் நோய், செயலிழப்பைவிட அடங்காமைதான். செய்தி போகவில்லை என்பது பாதிக் கதை, தடுக்க ஆளில்லாமல் கீழே நடக்கும் கலாட்டா மீதிப் பாதி. ஸ்டெம் செல்லின் வேலை என்ன என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

இதுவரை காப்பாற்றியது ஒரு ரப்பர் குழாய்

முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் குண்டடிபட்டவர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் செத்துப்போனார்கள். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கிய பிறகுதான் இது மாறியது. வேளாவேளைக்குக் குழாய் செருகி நீரை எடுத்துவிட்டு, குழாயையும் எடுத்துவிடும் முறையை அங்கே கிருமிநீக்கம் செய்த கருவிகளோடு கடைப்பிடித்தார்கள்.

1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாபிடஸ் சொன்னது பலரை முகம் சுளிக்க வைத்தது. கிருமிநீக்கம் வேண்டாம், கை சுத்தமாக இருந்தால் போதும், நோயாளியே வீட்டில் செய்துகொள்ளலாம் என்றார். அவர் தர்க்கம் எளிது: பை அளவுக்கு மீறி விரிந்தால் சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும், ரத்த ஓட்டம் குறைந்த சுவரில்தான் கிருமி வேரூன்றும். ஆகவே குழாயோடு உள்ளே போகும் நாலு கிருமியைவிட, நேரத்துக்குக் காலி செய்யாததே பெரிய எதிரி. இன்று நம் மருத்துவமனைகளில் 'சிஐசி' என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நாளுக்கு நாலு முதல் ஆறு தடவை.

இதோடு பையை அடக்கும் ஆக்ஸிபியூட்டினின், சாலிஃபெனாசின் போன்ற மாத்திரைகள் உண்டு. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். அவை போதாதபோது பையின் சுவரில் போடாக்ஸ் ஊசி. நரம்புக் கோளாறால் அடங்காத சிறுநீர்ப்பைக்கு இதை அமெரிக்கா 2011-ல் அனுமதித்தது. பலன் சில மாதங்களுக்குத்தான், திரும்பப் போட வேண்டும். இவை எதுவும் நரம்பைச் சரிசெய்வதில்லை. ஆனால் ஆயுளை நீட்டித்தவை இவைதான்.

ஸ்டெம் செல் என்றால்

எந்த உயிரணுவாகவும் மாறக்கூடிய, அல்லது குறைந்தது சில வகைகளாகவாவது மாறக்கூடிய, தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் உயிரணு. தமிழில் குருத்தணு என்கிறோம். வாழைக்குருத்து எப்படி இன்னும் இலையாகவில்லையோ அப்படி. எல்லாக் குருத்தும் ஒன்றல்ல என்பதுதான் விளம்பரங்கள் விழுங்கிவிடும் செய்தி.

கருவிலிருந்து எடுப்பவை எதுவாகவும் மாறும். ஜேம்ஸ் தாம்சன் குழு 1998-ல் மனிதக் கருவிலிருந்து முதன்முதலில் அவற்றை வளர்த்தது. ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-ல் எலியின் தோல் உயிரணுவையும், அடுத்த ஆண்டே மனிதனுடையதையும் பின்னோக்கித் திருப்பிக் குருத்தாக்கிக் காட்டினார். ஐபிஎஸ் செல் என்பது அதுதான், 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாவது வகை எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் கிடைக்கும் மெசென்கைமல் செல். எடுப்பது சுலபம், மலிவு, அதனால் கிளினிக்குகள் போடும் ஊசி பெரும்பாலும் இதுதான். எலும்பாக, குருத்தெலும்பாக, கொழுப்பாக மாறுவது அதன் இயல்பு. வேலை செய்யும் நரம்பணுவாக அது மாறும் என்று எண்ணிக் காசு கொடுத்தால் ஏமாற்றம்தான். அது சுரக்கும் பொருட்கள் வீக்கத்தைத் தணித்து, மிஞ்சியிருக்கும் நரம்புகளைக் காக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

இனி சிறுநீர்ப்பை. ஊருக்கும் நீர்பாய்ச்சிக்கும் இடையே அறுந்த கம்பியை மறுபடி இழுத்துக் கட்டுவது மிகக் கடினமான வேலை. காயத்தின் தழும்பைத் தாண்டி நரம்பிழைகள் நீண்டு வளர்ந்து, சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும். பாதி வேலையை வேறு வழியில் முடித்தால் என்ன? கீழே கலாட்டா செய்யும் நரம்புகளை அங்கேயே அடக்க ஒரு ஆளை வைத்தால்?

சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைத்தான் செய்து பார்த்து 2016-ல் வெளியிட்டது. என் கணக்கில், இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய முதல் ஆய்வு அதுதான். நரம்பு மண்டலத்தில் 'அடங்கு' என்று சொல்வதையே தொழிலாகக் கொண்ட சிறிய நரம்பணுக்கள் உண்டு. காபா என்னும் வேதிப்பொருளைச் சுரந்து பக்கத்து நரம்பணுக்களின் வாயை மூடவைப்பவை அவை. தண்டுவடம் காயப்பட்டபின் இந்தக் காபா அடக்குமுறை தளர்ந்துபோகிறது. பையின் அடங்காமைக்கும் காயத்துக்குப் பின் வரும் எரிச்சல் வலிக்கும் அது ஒரு காரணம் என்பது அவர்கள் கருதுகோள். மனிதக் கருக் குருத்தணுக்களை இந்த அடக்கும் வகையின் முன்னோடிகளாக வளர்த்து, காயம்பட்ட எலிகளின் தண்டுவடத்தில் வைத்தார்கள். ஆறு மாதம் காத்திருந்தார்கள். அணுக்கள் காபா சுரக்கும் நரம்பணுக்களாக முதிர்ந்தன, எலியின் நரம்புகளோடு இணைப்புகளும் உண்டாயின. எலிகளின் சிறுநீர்ப்பைச் செயல்பாடு மேம்பட்டது, வலிக்கான அறிகுறிகளும் குறைந்தன.

அவர்கள் கம்பியை இழுத்துக் கட்டவில்லை. அதே எண்ணிக்கையில் வேறு வகை அணுக்களை வைத்திருந்தால் இதே பலன் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. எந்தக் கோளாறுக்கு எந்த அணு, அதை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் விஷயம். தொளதொளத்த பை உள்ளவருக்கு, அதாவது நீர்பாய்ச்சியே இல்லாதவருக்கு, இந்த வைத்தியத்தில் வேலையே இல்லை. அவருக்கு வேண்டியது பைக்குச் செய்தி அனுப்பும் புது நரம்பணு, அது போய்ச்சேர ஒரு நெடும்பாதை.

எலியில் நடந்தது மனிதனில் நடக்குமா என்பதற்கு இந்த ஆய்வு பதில் சொல்லாது. 2005-லேயே நரம்பு முன்னோடி அணுக்களால் எலிகளின் சிறுநீர்ப்பை தேறியதை வேறொரு அமெரிக்கக் குழு காட்டியது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் அது மனிதருக்கான மருந்தாகிவிடவில்லை. எலியின் தண்டுவடம் சில சென்டிமீட்டர், நம்முடையது 45 சென்டிமீட்டர் அளவு.

மனிதர்களில் என்ன நடந்தது?

கருக் குருத்தணுவிலிருந்து வளர்த்த அணுக்களை உலகில் முதன்முறையாக மனிதரில் சோதித்ததே தண்டுவடக் காயத்துக்காகத்தான். அமெரிக்க நிறுவனமான ஜெரான் 2010 அக்டோபரில் தொடங்கியது. 2011 நவம்பரில் பணக் காரணம் சொல்லி நிறுத்திக்கொண்டது. மொத்தத்தில் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தே பேர்.

ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் காயப்பட்டு சில வாரங்களே ஆனவர்களுக்கு, ஆளுக்கு 20 லட்சம் ஐபிஎஸ் வழி நரம்பு முன்னோடி அணுக்களை வைத்தது. முதல் அறுவை 2021 டிசம்பரில். நாலு பேரின் முடிவை 2025 மார்ச்சில் சொன்னார்கள்: பெரிய பக்கவிளைவு இல்லை, இருவரிடம் முன்னேற்றம், அவர்களில் ஒருவர் உதவியில்லாமல் நின்றார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் பத்துப் பேருக்கு அவரவர் கொழுப்பிலிருந்து வளர்த்த 10 கோடி மெசென்கைமல் அணுக்களைத் தண்டுவட நீரில் செலுத்தி, ஏழு பேர் மேம்பட்டதாக 2024-ல் எழுதியது. ஜப்பான் அரசோ 2018 டிசம்பரிலேயே 'ஸ்டெமிராக்' என்னும் மெசென்கைமல் சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி தந்துவிட்டது. விலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி யென். ஆதாரம் 13 பேர், ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு கிடையாது. உலக ஆய்வாளர்கள் பலர் இதைக் கண்டித்தார்கள்.

கண்டிக்கக் காரணம் உண்டு. தண்டுவடக் காயத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் ஓரளவு மீட்சி தானாகவே வரும், அதோடு பிசியோதெரபியும் நடக்கும். அந்தச் சமயத்தில் ஊசி போட்டுவிட்டு, தேறியது ஊசியால்தான் என்று சொல்ல வேண்டுமானால் ஊசி போடாத இன்னொரு கூட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தியாக வேண்டும். பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைக் கைகாட்டக் கூடாது.

இந்தச் சோதனைகள் எல்லாம் முதலில் பார்த்தது பாதுகாப்பு, பிறகு தசை வலுவும் தொடு உணர்ச்சியும். சிறுநீர்ப்பை பெரும்பாலும் பின்வரிசையில்தான். 'இப்போது முட்டுவது கொஞ்சம் தெரிகிறது' என்று நோயாளி சொல்வது நல்ல செய்தி. ஆனால் சிறுநீரகத்தைக் காப்பது அந்த உணர்வு அல்ல, பைக்குள் இருக்கும் அழுத்தம். அதை அளக்க யூரோடைனமிக் சோதனை வேண்டும்: மெல்லிய குழாய் வழியாகப் பையை நிரப்பிக்கொண்டே அழுத்தத்தைக் கோடாக வரைவார்கள். 40 சென்டிமீட்டர் நீரழுத்தத்தைத் தாண்டினால்தான் நீர் கசிகிறது என்றால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்பது 1980-களிலிருந்து மருத்துவர்கள் பிடித்திருக்கும் அளவுகோல். ஸ்டெம் செல்லால் சிறுநீர்ப்பை தேறியது என்று யார் சொன்னாலும், முன்னும் பின்னும் எடுத்த அந்தக் கோட்டைக் கேளுங்கள்.

பையையே புதிதாக வளர்க்கலாமே என்று ஒரு யோசனையும் உண்டு. ஆண்டனி அடாலா குழு, பிறவியிலேயே தண்டுவடக் குறையுள்ள ஏழு பேருக்கு அவரவர் அணுக்களிலிருந்து வளர்த்த திசுவால் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கியதாக 2006-ல் அறிவித்தபோது உலகமே பேசியது. அதே பாணியில் பின்னர் பல மருத்துவமனைகளில் நடந்த சோதனையில் பையின் கொள்ளளவு எதிர்பார்த்தபடி கூடவில்லை. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

பணம் கட்டுமுன்

'உங்கள் செல்தானே, கெடுதல் என்ன வரப்போகிறது' என்பார்கள். ஓர் அமெரிக்க இளம்பெண்ணுக்கு 18 வயதில் முதுகில் அடிபட்டது. மூன்று ஆண்டுக்குப் பிறகு அவர் மூக்கிலிருந்தே எடுத்த திசுவைத் தண்டுவடத்தில் வைத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து முதுகு வலி. திறந்து பார்த்தால் அங்கே ஒரு கட்டி, மூக்கில் சுரப்பதுபோலவே சளியைச் சுரந்துகொண்டிருந்தது. 2014-ல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. சொந்த அணுதான், ஆனாலும் வைத்த இடத்தில் அது தன் பழைய தொழிலைச் செய்தது.

இந்தியாவில் விதி தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்தநோய் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் ஆய்வுதான். அனுமதி பெற்று, மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து நடக்க வேண்டும், ஆய்வில் சேர்பவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. நாலு ஊசி, இத்தனை லட்சம் பேக்கேஜ் என்று சொல்லும் இடத்தில் பதிவு எண்ணைக் கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். என் காயம் நுனியிலா மேலேயா, என் பை அடங்காததா தொளதொளத்ததா, நீங்கள் வைக்கும் அணு அதில் எந்தக் கோளாறைச் சரிசெய்யும் என்று அடுத்துக் கேளுங்கள். 'எல்லாவற்றுக்கும் நல்லது' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

வேலூர் சிஎம்சியில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார், 1966-ல் அங்கே மறுவாழ்வு மையமும் உருவாக்கினார். அந்தக் காலத்தில் சிஐசியும் இல்லை, போடாக்ஸும் இல்லை. இன்று காத்திருப்பவர்கள் கையில் அதைவிட அதிகமாகவே இருக்கிறது.

'ஸ்டெம் செல் வரட்டும், அதுவரை எப்படியோ ஓட்டுவோம்' என்று நேரத்துக்குக் குழாய் போடாமல் விடுகிறவர்களுக்கு ஒன்று. பல ஆண்டுகள் அதிக அழுத்தத்தில் நெருக்கிக்கொண்டே இருந்த பையின் சுவர் தடித்து, நார் ஏறி, விரியும் தன்மையை இழந்துவிடுகிறது. நரம்பை நாளைக்கு எந்த அணு வந்து சரிசெய்தாலும், அது பேச வேண்டியது இந்தச் சுவரோடுதான். வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் யூரோடைனமிக். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று பழைய ஃபைலைப் புரட்டிப் பாருங்கள்.